அண்ணன் இலையில் கோதுமை

பேய்க்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு பயந்தால் போதும். எனக்கு வாய்த்தது பன்னுக்குப் பயப்படும் பிழைப்பு. அது காலை ஆறு மணிக்கு டீக்கடை வாசலிலேயே ஆரம்பித்துவிடும். கண்ணாடி ஜாடிக்குள் பட்டர் பிஸ்கட், தட்டில் அடுக்கிய தேங்காய் பன், அதையெல்லாம் எடுத்துக் கொடுத்த அதே கையால் என் டீ கிளாஸை எடுக்கும் மாஸ்டர். ஐம்பத்திரண்டு வயது ஆம்பளை, பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை போட்டு, தைப்பூசக் கூட்டத்தையே அதட்டி வரிசையில் நிற்க வைக்கிறவன், ஒரு ரஸ்க் துகளைப் பார்த்து ரெண்டு எட்டுப் பின்னால் போவதை நீங்கள் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு எட்டு பின்னால் போவேன்.

போன வருஷம் மதுரையில் ஒரு டாக்டர் என் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, சீலியாக் என்று பேர் சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் க்ளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது உள்ளே போனால் என் குடல் அதை எதிரி என்று நினைத்துக்கொண்டு தன்னைத்தானே பிறாண்டிக்கொள்கிறதாம். மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதையும் ஆயுசுக்கும் தொடக் கூடாது.

"அம்புட்டுத்தான டாக்டர்? நாம என்ன சப்பாத்தி தின்னா வளந்தோம்? சோத்தைத் தின்னுட்டுக் கெடக்க வேண்டியதுதான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது குடும்பத்துல ஓடுற வியாதி. ரத்த சொந்தத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா? வயித்தால போறது, உடம்பு உருகிப் போறது, ரத்தம் ஊறாம இருக்கிறது?"

"இல்ல டாக்டர்" என்றேன். அந்த நிமிஷம் அது பொய் என்று எனக்கே தெரியாது. ஆரப்பாளையத்தில் பழனி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தபோதுதான் அண்ணன் ஏறினான்.

அண்ணன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி கிராமத்திலிருந்து வெள்ளைப்பூண்டும் கேரட்டும் ஏற்றி, வத்தலக்குண்டு மார்க்கெட்டில் இறக்குகிற ஜீப் வைத்திருந்தான். பூண்டு மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு இன்னொரு கையால் பீடி பற்ற வைப்பான். அப்படிப்பட்டவன் மூன்று வருஷத்தில் கரைந்து போனான். காசநோயா என்று பார்த்தார்கள், இல்லை. சுகரா, இல்லை. மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை கொடுத்தார்கள். கோடாங்கி ஒருவர் உடுக்கை அடித்து, மலை ரோட்டு வளைவில் செத்துப்போன ஒரு பெண் தொற்றிக்கொண்டாள் என்றார். என்ன வியாதி என்பதில் ஆளுக்கு ஒரு பேச்சு. என்ன கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் ஊரே ஒரே பேச்சு. "சோத்துல என்ன இருக்கு? கோதுமை குடுங்க. தெம்பு ஏறும்." மூன்று வேளையும் சம்பா கோதுமை ரவைக் கஞ்சி. இடையில் பாலில் நனைத்த ரொட்டி. படுக்கும்போது பார்லியில் செய்த மால்ட் கலக்கிய பால். மதினி ஒரு வேளை தவறியதில்லை. ஒவ்வொரு கரண்டியையும் அவர் கையாலேயே ஊட்டினார்.

அண்ணனுக்கும் இதே வியாதிதான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இனி எழுதிக் கொடுக்கவும் வழியில்லை. ஆனால் ஒரு வருஷமாக, நான் எந்த ஊரில் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் எதிர் நாற்காலியில் அவன் வந்து உட்காருகிறான். பேசுவதில்லை, மிரட்டுவதில்லை. என் இலையை மட்டும் பார்ப்பான். மற்றவர்களுக்கு மோகினி, முனி என்று கம்பீரமாக ஏதாவது பிடிக்கிறது. எனக்குப் பிடித்தது, இட்லியை எண்ணிக்கொண்டிருக்கும் அண்ணன்.

செத்தவனைப் பற்றி மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். அண்ணனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். இருபத்து நாலு வயது. போன வருஷம் திதிக்குப் போனபோது அவள் கன்னம் ஒட்டிக் கிடந்தது. "ரத்தம் கம்மியாம். மாத்திரை திங்கிறா, ஏறவே மாட்டேங்குது" என்று மதினி சொன்னார். அப்போது எனக்கு வியாதி பேர் தெரியாது. தெரிந்த பிறகு செய்ய வேண்டியது ஒரே ஒரு போன். "பாப்பாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கணும் மதினி." ஏன் என்று கேட்பார். சொன்னால், உங்கள் கஞ்சிதான் உங்கள் புருஷனைக் கொன்றது என்று நானே சொன்ன மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் பிள்ளையும் அதே வழியில் போகும். இந்த ரெண்டுக்கும் நடுவில் நான் ஒரு வருஷம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஐப்பசியில் திதிக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரி வாசலில் மறித்துக்கொண்டாள். "இந்தத் தடவை சொல்லாம திரும்பி வந்தீங்க, நானே போனைப் போட்டுருவேன்." புளிசாதமும் வறுத்த கடலையும் கட்டிக் கொடுத்தாள். வீட்டுப் பெருங்காயம் போட்டது, பயமில்லாமல் தின்னலாம்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு நேராக மலைப்பாதை உண்டு. மழையில் மண் சரிந்து அது அடைத்துக் கிடந்ததால் ஒட்டன்சத்திரம் போய் வத்தலக்குண்டு சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது, முதல் பஸ்ஸின் கம்பியில் மாட்டிய சோற்றுப் பையை மறந்து இறங்கிவிட்டேன். பை போய்விட்டது. என் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. வயிறு கூப்பாடு போட்டது.

பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஓர் ஓட்டலில் நுழைந்தேன். இட்லி சொன்னேன். இட்லி அரிசியும் உளுந்தும்தான், குற்றமற்றது. சாம்பார்தான் சந்தேகப் பேர்வழி. கடையில் விற்கிற பெருங்காயத்தூளில் பாதி கோதுமை மாவுதான் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் ஐம்பத்தோரு வயது வரை தெரியாது.

"தம்பி, சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடுறீங்க?"

பரிமாறியவர் என்னைப் பார்த்தார். "பெருங்காயம்தான் போடுறோம்."

"அந்த டப்பாவைக் கொஞ்சம் காட்ட முடியுமா?"

அவர் கல்லாவைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து சின்ன எழுத்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. முதலாளி எழுந்தே வந்துவிட்டார்.

"சார் உள்ள வந்து பாருங்க. எல்லாம் சுத்தம். நேத்துக்கூட எக்ஸாஸ்ட் துடைச்சோம்."

"ஐயோ, நான் ஆபீசர் இல்லீங்க."

"புரியுது சார், புரியுது" என்று கண்ணைச் சிமிட்டினார். ஆபீசர் இல்லை என்று சொல்கிற ஆபீசர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல. தோசைக்கல்லைக் காட்டினார். பரோட்டா சுட்ட அதே கல்லில் ஒரு தோசை வெந்துகொண்டிருந்தது. நான் பேய் அறைந்த மாதிரி நின்றதைப் பார்த்து அவர் இன்னும் பயந்துபோனார். நான் திரும்பி வந்து உட்கார்வதற்குள் இலையில் இட்லிக்குப் பக்கத்தில் நெய் ஒழுகும் ஒரு கட்டி வந்து உட்கார்ந்திருந்தது.

"நம்ம கடை ஸ்பெஷல் சார். கோதுமை அல்வா."

அல்வாவின் நெய் மெதுவாக இட்லியை நோக்கி நகர்ந்தது. எதிர் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் எழுந்து, ரெண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொடைக்கானலில் இறங்கும்போது மத்தியானம் ரெண்டு மணி. மேகம் ரோட்டில் இறங்கிப் படுத்திருந்தது. பத்தடி தள்ளி வருகிற ஆளின் கால் மட்டும் தெரியும், தலை தெரியாது. எங்கே பார்த்தாலும் பேக்கரி. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் வாசனை, மேகத்தோடு சேர்ந்து, தப்பிக்க வழியில்லாமல் ஊர் முழுக்க நின்றது. டூரிஸ்ட்டுகள் அதை மூக்கு விரிய இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அது அண்ணன் கட்டிலின் வாசனை. பாலில் ஊறிய ரொட்டியும் வியர்வையும் டெட்டாலும் கலந்தது. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். ஒரு அம்மா தன் குழந்தையை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டார்.

அண்ணன் மகள் வேலை பார்க்கும் கஃபே பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே போய் அவளோடு சேர்ந்து வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கஃபே வாசலில் சாக்பீஸால் இங்கிலீஷில் எழுதிய போர்டு இருந்தது. அதன் கடைசி வரியில் ஒரு கோதுமைக் கதிரை வரைந்து குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். பாலைவனத்தில் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்தவன் மாதிரி நின்றுவிட்டேன்.

"சித்தப்பா! உள்ள வாங்க, ஏன் பனியில நிக்கிறீங்க?" உள்ளிருந்து அவளே வந்தாள். போன வருஷத்தைவிட மெலிந்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. வாயோரம் வெடித்துப் புண்ணாக இருந்தது.

"அந்தக் கதிருல கோடு போட்டிருக்கே, அது என்னது பாப்பா?" தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"அது க்ளூட்டன் ஃப்ரீ கேக். நான்தான் செய்றேன் சித்தப்பா. பாதாம் மாவு, முட்டை, ஆரஞ்சு. மைதா டச்சே கிடையாது. அதுக்குத் தனி ட்ரே, தனி கரண்டி, தனி டேபிள். மைதா வேலை பாத்தா கையக் கழுவி ஏப்ரன் மாத்திட்டுத்தான் அந்த டேபிளுக்கே போவேன்." ஆப்பரேஷன் தியேட்டரைப் பற்றிப் பேசுவது போலப் பெருமையாகச் சொன்னாள்.

"யாருக்கு இம்புட்டு வேலை?"

"ஃபாரினர்ஸுக்கு. அப்புறம் பெங்களூர் ஆளுக. அவங்களுக்குத்தான் இந்த ப்ராப்ளம் வரும். நமக்கெல்லாம் கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

ஒரு துண்டு கொண்டுவந்து வைத்தாள். அந்த ஊரில், அந்த நாளில், பயமில்லாமல் நான் தின்ற முதல் சாப்பாடு அதுதான். என் வாழ்க்கையில் தின்றதிலேயே நல்ல கேக்கும் அதுதான். எதிரில் உட்கார்ந்து அவள் தன் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்தாள். ரெண்டு பிரட் துண்டுக்கு நடுவில் முட்டை. பாதி தின்றதும் கீழே வைத்தாள். இடது கையை வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டு, பெல்ட்டைத் தளர்த்துவது போல உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாள்.

அண்ணன் ஜீப் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இதே போலச் சாய்வான். அதே இடது கை.

"என்ன பாப்பா?"

"தின்னா இப்படித்தான் உப்பிக்கும் சித்தப்பா. கேஸ். சரியாப் போயிரும்."

அங்கே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்தோம். விஷயம் தெரிந்த பிள்ளை, அரை நிமிஷத்தில் புரிந்துகொள்வாள். நான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது இதுதான்: "உங்க கேக்கைத் தின்னா ஃபாரினுக்கு விசா குடுப்பாங்களா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த வாயில் ஈறு வெளுத்திருந்தது.

கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் இருக்கும் வீட்டுக்குப் போனதும் மதினி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே "வாங்க கொழுந்தனாரே" என்றார். மதினி பழனியில் கோயிலுக்குப் பூக்கட்டுகிற குடும்பத்துப் பெண். மாவு பிசைகிற விரலிலும் அந்தப் பூக்கட்டுகிற வேகம் இருக்கும். "இருங்க, ரெண்டு சுட்டுத் தாரேன்."

நான் மலை ஏறும்போதே ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். "வேண்டாம் மதினி. முருகனுக்கு நேர்ந்திருக்கேன். கோதுமை தொடுறதில்லை."

மாவு பிசைந்த கை நின்றது. யாரிடம் நேர்த்திக்கடன் பொய் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும்.

"கோதுமையையா? கோதுமைய யாரு கொழுந்தனாரே விடுவா? நீங்க கோதுமைய விட்டா முருகனுக்கு அது ஒரு பெருமையா? காபிய விடணும், வெத்தலைய விடணும். மனசுக்குப் பிடிச்சதை விட்டாத்தான் நேர்த்தி."

"எனக்குக் கோதுமைன்னா உசுரு மதினி."

"ஆமா, உசுரு. கல்யாண வீட்டுல பூரிய ஓரங்கட்டுன ஆளு. எத்தன நாளைக்கு?"

"அது... மண்டலம்."

"என்னைக்கு மாலை போட்டீங்க?"

"மாலை போடாத நேர்த்தி மதினி."

"யாருக்காக?"

"குடும்பத்துக்கு" என்றேன். மதினி மாவை மூடி வைத்தார். பிறகு எழுந்துபோய் எனக்குச் சோறு வடித்து, ரசம் வைத்தார். நான் திருடன் மாதிரி அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். பெருங்காயம் கட்டியா, தூளா என்று பார்க்கத்தான். தூள். வெறும் சோற்றில் மோரை ஊற்றித் தின்றுவிட்டு, வயிறு நிறைந்த மாதிரி ஏப்பம் விட்டேன்.

மறுநாள் திதி. மதினி வெள்ளனே எழுந்து குளித்துவிட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் அண்ணன் போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை போட்டாயிற்று. நான் ஒவ்வொரு வருஷமும் பார்த்த படையல்தான். இந்த வருஷம்தான் அது கண்ணில் பட்டது.

செத்தவர்களுக்கு எங்கள் பக்கம் அவர்களுக்குப் பிடித்ததைப் படைப்போம். மதினி, அண்ணனுக்குக் கடைசியாக உள்ளே இறங்கியதைப் படைப்பார். "கடைசி வரைக்கும் இதைத்தான் ஒரு வாய் வாங்குனாரு" என்பார். அதனால் இலையில் சம்பா கோதுமைக் கஞ்சி, பாலில் நனைத்த ரொட்டி, சப்பாத்தி, டம்ளரில் மால்ட். பன்னிரண்டு வருஷமாக, செத்த பிறகும், அவனுக்கு நாங்கள் அதையேதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். சூடம் காட்டினோம். நான் கும்பிடக் கண்ணை மூடினேன். மூடினால் போட்டோவில் இருக்கிற அண்ணன் வரவில்லை. கட்டிலில் கிடந்த அண்ணன் வந்தான். கரண்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பினான். "வேண்டாம்டா" என்று அப்போது அவன் என்னிடம் சொன்னது உண்டா, அல்லது நானாக இப்போது சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை.

காக்காய்க்கு வைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிட வேண்டும். படையலிலிருந்து எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து இலைத்துண்டில் வைத்து, பின்பக்க மதில் மேல் வைப்பது தம்பி வேலை. வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டேன். மேகத்துக்குள்ளிருந்து ஒரு காக்காய் வந்து மதிலில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அண்ணன் பார்க்கிற மாதிரியே இருந்தது. பிறகு நேராக ரொட்டியை நோக்கிப் போனது.

"சூ! போ! போ!"

கை ரெண்டையும் வீசி நான் கத்திக்கொண்டிருந்தேன். என் தோளில் கிடந்த துண்டை வேறு கழற்றிச் சுழற்றினேன். காக்காய் மிரண்டுபோய் யூகலிப்டஸ் மரத்தில் ஏறி உட்கார்ந்து, ஊரையே கூப்பிட்டது. திரும்பினால், கொல்லை வாசலில் மதினியும் பாப்பாவும் நின்றிருந்தார்கள்.

அமாவாசை தோறும் காக்காய் வரவில்லையே என்று மனிதர்கள் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். வந்த காக்காயைத் துண்டு சுழற்றி விரட்டியவன், நான் அறிந்தவரை, நான் ஒருத்தன்தான்.

"கொழுந்தனாரே" என்று மதினி ஓரடி முன்னால் வந்தார். "உங்க அண்ணனையா விரட்டுறீங்க?"

"சித்தப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சும்மா" என்றாள் பாப்பா. சிரிக்கவா பயப்படவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அது திங்கக் கூடாது மதினி" என்றேன். நாக்கு தானாக ஓடியது. "அதை அவன் திங்கக் கூடாது. எப்பவுமே தின்னிருக்கக் கூடாது."

அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்திக்கடன் பொய் என்று சொன்னேன். என் வியாதி, டாக்டர் கேட்ட கேள்வி, அண்ணனுக்கும் அதுவாக இருக்கலாம் என்பது, உறுதியாகச் சொல்ல முடியாது என்பது, பாப்பாவின் ஒட்டிய கன்னம், வாய்ப்புண், இடது கை. பாப்பா தன் வெளுத்த விரல் நகங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். கஃபேயில் தினமும் அவள் தனி ட்ரேயில் வைத்து யாருக்கோ செய்வது தனக்குத்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

மதினி அழவில்லை. நான் அதற்குத்தான் ஒரு வருஷம் பயந்திருந்தேன். அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

"அந்தச் சம்பா ரவையப் பழனியில இருந்து யாரு கொண்டாந்து குடுத்தது?" என்று கேட்டார்.

மாசம் ஒரு மூட்டை. கூடவே மால்ட் பாட்டில். எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன். "நல்லாக் காய்ச்சிக் குடுங்க மதினி, மிச்சம் வைக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

"நான்தான் மதினி."

"நீங்க கொண்டாந்தீங்க. நான் காய்ச்சுனேன்." அவ்வளவுதான் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, மன்னித்தும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வருஷமாக மதினி மனசு நோகக் கூடாது, மதினி தாங்கமாட்டார் என்று நான் பொத்தி வைத்தது மதினியை இல்லை. அந்த மூட்டையை மடியில் வைத்திருந்த என்னைத்தான்.

மதினி எழுந்தார். பாப்பாவுக்காகப் போட்டிருந்த இலையில் இருந்த சப்பாத்தியைச் சட்டென்று எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். மாவு டப்பாவைத் தூக்கினார். "இனி இந்த வீட்டுல ஒரு பொட்டுக் கோதுமை கெடக்கக் கூடாது. ஒரு பொட்டு."

அதுவரை சொன்னதையெல்லாம்விட மோசமான ஒன்றை அப்போது நான் சொல்ல வேண்டியிருந்தது.

"மதினி, இப்ப நிறுத்தக் கூடாது."

"என்னது?"

"ரத்தம் எடுக்கிற வரைக்கும் அவ தின்னுக்கிட்டு இருக்கணும். டாக்டர் சொன்னாரு. நிறுத்திட்டுப் போனா ரத்தத்துல தெரியாது. இல்லைன்னு எழுதிக் குடுத்துருவாங்க. அப்புறம் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"தெரிஞ்சே குடுக்கச் சொல்றீங்களா?"

"கொஞ்ச நாளைக்கு."

மாவு டப்பா அவர் இடுப்பில் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இல்லை, வெளியே கொண்டுபோகவும் இல்லை. பாப்பாதான் எழுந்து வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா, நாளைக்கே மதுரைக்குப் போவோம். நான் லீவு சொல்லிட்டேன்னு வச்சுக்கோ. இப்பப் பசிக்குது. போடு."

மதினி டப்பாவை இறக்கி வைத்தார். தட்டில் மிச்சமிருந்த சப்பாத்தியிலிருந்து ஒன்றை எடுத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பிய்த்த மாதிரியே, நாலாகப் பிய்த்து, இலையில் வைத்தார். பாப்பா தின்ன ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாயையும் மதினி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படிப் பாத்தா நான் எப்படிம்மா முழுங்குறது?"

மதினி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிய முகத்தோடு கையை மட்டும் நீட்டி, அடுத்த துண்டை இலையில் வைத்தார். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியே மதில் பக்கம் காக்காய்ச் சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.